பெயிண்ட் அடிக்காத சைக்கிள்

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு ஒருமுறை பட்டறைப் பக்கம் போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் சும்மா இருந்தால் குக்கர் கைப்பிடி, கதவுக் கீல் என்று எதையாவது கழற்றிப் போட்டுவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அதற்குப் பட்டறையின் ஆறிப்போன டீயே மேல். போன வாரம் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த வெல்டர்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். படத்தில் ஒரு பந்தய சைக்கிள். வளைந்த ஹேண்டில், ஒல்லிச் சக்கரம், உருண்டைக் குழாய்கள். பொட்டுப் பெயிண்ட் கிடையாது.

“டைட்டானியமாம் அண்ணாச்சி,” என்றான் ஒருவன். “வெளிநாட்டுல இன்னும் கையால ஒட்டித்தான் செய்றாகளாம். பாத்தா எங்க மாமா பால் ஊத்துற சைக்கிள் மாதிரி இருக்கு. ஒரு கலர்கூட அடிக்கல. இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?”

“கலர் அடிக்காததுதாம்லே அதுல விசேஷம்,” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, டீ ஆறுவதற்குள் விளக்கி முடிகிற விஷயமா அது? அந்த வகை வண்டி ஒன்றை என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். ஒட்டியது ஒரு முறை, கெட்டது ஒரு முறை. அதை அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை விருதுநகரில், சூலக்கரை போகிற வழியில் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு டைட்டானியத்தில் சுருள் குழாய், தொட்டி, கூடை என்று செய்து அனுப்புவோம். உப்பும் அமிலமும் இரும்பைத் தின்றுவிடும். டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த எனக்கு முதல் சில வருடங்கள் துடைப்பதும் தூக்குவதும்தான் வேலை. பிறகு வெல்டிங் டார்ச்சைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கீழே வைத்தது ஓய்வு பெற்ற அன்றுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் டைட்டானியம் என்றால் யாரும் குழாயையோ தகட்டையோ நினைக்க மாட்டார்கள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தைக் கொளுத்தினால் வெள்ளை வெளேரென்று பொறி பறக்கிறது அல்லவா, அதில் கலக்கிற தூள் அது. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், “மாப்பிள்ளைக்கு என்ன வேலை?” என்று கேட்க, “டைட்டானியத்துல வெல்டிங்” என்றேன். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் பயந்ததிலும் கொஞ்சம் உண்மை உண்டு. டைட்டானியம் சூடாக இருக்கும்போது பெரிய ரோஷக்காரன். காற்றுப் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, விரல் ரேகை படக் கூடாது. ஆர்கான் வாயுவை உள்ளேயும் வெளியேயும் செலுத்தி, காற்றை அண்டவிடாமல் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டினால் வெல்டு புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கும். கொஞ்சம் காற்றுப் பட்டால் வைக்கோல் நிறம் வரும், அது பரவாயில்லை. நீலம் வந்தால் சந்தேகம். சாம்பல் பூத்து வெள்ளைப் பொடி தட்டினால் அந்த இடம் பிஸ்கட். இன்றைக்கோ நாளைக்கோ நொறுங்கும். இரும்பு வெல்டில் பிசகினால் தேய்த்து, மாவு பூசி, பெயிண்ட் அடித்து மறைக்கலாம். டைட்டானியத்துக்குப் பெயிண்டே வேண்டாம், துருவே பிடிக்காது. அதனால் மறைக்கவும் வழியில்லை. ஒட்டியவன் எப்படி ஒட்டினான் என்பதை அது ஆயுள் முழுக்கக் காட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஃபோர்மேன் இம்மானுவேல் சாரும் கிட்டத்தட்ட அதே குணம்தான். காலையில் கூட்டிப் பெருக்க வருகிறவரில் இருந்து முதலாளி வரை எல்லோரும் அவருக்கு வாங்க, போங்கதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெல்டு முடிந்ததும் அருகில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்ப்பார். நன்றாக இருந்தால் எதுவும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பிசகி இருந்தால் சட்டைப் பையில் இருந்து சாக்பீஸை எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வட்டம் விழுந்தால் வெட்டி எடுத்து முதலில் இருந்து செய்ய வேண்டும். ஏன், எப்படி என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நமக்கே தெரிந்துவிடும்.

ஒருமுறை எங்களில் ஒருத்தன் நீலம் பாய்ந்த வெல்டைக் கம்பி நாரால் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துவிட்டான். சார் குனிந்து பார்த்தார். “மூஞ்சிக்குப் பவுடர் போட்டா காய்ச்சல் போயிருமாங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் திட்டு. அதன் பிறகு பட்டறையில் யாரும் வெல்டைத் தேய்க்கவில்லை.

துணி விஷயத்தில் மட்டும் அவரிடம் கெடுபிடி உண்டு. ஒட்டுவதற்கு முன் குழாயை அசிட்டோனில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். துணியில் கறையே தெரியாமல் போகிற வரை துடைக்க வேண்டும். புதுத் துணி ஆகாது, அதில் கஞ்சி இருக்கும். பல முறை துவைத்து இற்றுப்போன பருத்தியாக இருக்க வேண்டும். துடைத்த பிறகு வெறும் கை படக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மாரிச்செல்வி ஒரு நாள் மத்தியானம் சைக்கிள் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, சட்டம் மட்டும். கூடவே அவள் அம்மா பாண்டியம்மாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து நிரப்புகிற வேலை பார்க்கிறவர். புருஷன் தவறிப்போன பிறகு அந்த வேலையில்தான் மகளைப் படிக்கவைத்து, பந்தயத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும், “அண்ணாச்சி, டைட்டானியம் ஒட்டுற எடம் இதானா?” என்று கேட்டார்.

மாரிச்செல்வி மாநில அளவில் சைக்கிள் ஓட்டுகிறவள். சென்னையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு பழைய வீரர், தான் ஓட்டி ஓய்ந்த வண்டியை அவளுக்கே கொடுத்துவிட்டார். அதுதான் அந்தச் சட்டம். பெடல் அச்சு ஓடுகிற கூட்டில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகிற குழாயில், ஒட்டுக்குப் பக்கத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்த மாதம் திருச்சிப் பக்கம் ஒரு தேர்வு ஓட்டம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

“சாத்தூர்ல ஒருத்தரு கேஸ் வச்சுப் பத்து நிமிசத்துல ஒட்டித் தாரேன்னாரு மாமா,” என்றாள். “நான் குடுக்கல.”

நல்ல வேளை. கேஸ் தீயில் காட்டியிருந்தால் குழாய் கரிந்துபோயிருக்கும். “வேற வண்டி எதுலயாவது ஓட்டலாமேம்மா?” என்று கேட்டேன்.

“அலுமினிய வண்டி ஒண்ணு கெடச்சுது மாமா. ரோட்டுல கெடக்கிற கல்லையெல்லாம் எண்ணிச் சொல்லுது முதுகுக்கு. அறுபது கிலோமீட்டர் தாண்டினா கை மரத்துப் போகுது. கார்பன் வண்டி வாங்க வழியில்ல. இது என் ஒடம்புக்குப் பழகின வண்டி.”

இம்மானுவேல் சார் சட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் ஒரு பொருளைப் பார்த்து நான் கண்டதில்லை. குழாய்கள் எல்லாம் நேர் உருண்டை, எங்கும் நெளிவோ பிதுக்கமோ கிடையாது. முப்பது வயதாவது இருக்கும் அந்தச் சட்டத்துக்கு. மழையும் வியர்வையும் குடித்தும் ஒரு புள்ளித் துரு இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் வெல்டு வெட்டவெளிச்சமாக இருந்தது. செய்தவன் ஓர் இடத்தில்கூட அவசரப்படவில்லை.

பாண்டியம்மாளும் எட்டிப் பார்த்தார். “சடை பின்னினாப்புல இருக்கு சார்,” என்றார். பிறகு தயங்கி, “ஒண்ணு கேக்கட்டுமா? இந்த டைட்டானியத்தைத்தான நாங்க பூச்சட்டியில போடுறோம். ஒரு பொறி பட்டா எப்படிப் பாயும்னு எனக்குத் தெரியும். எம்புள்ள இதும்மேல உக்காந்து போறா. வெயில்ல, ரோட்டுல… ஒண்ணும் ஆகாதா?”

சார் சிரிக்கவில்லை. “தூளா இருந்தாத்தாம்மா அது பட்டாசு. குழாயா இருந்தா இரும்பை விடச் சாது. வெயிலெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல,” என்றார். முதலாளியிடம் பேசி, வரும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய அனுமதியும் வாங்கினார்.

சனிக்கிழமை பார்த்தால் பட்டறையில் துணிக் கட்டு தீர்ந்திருந்தது. அடுத்த லோடு வார நடுவில்தான் வரும். மாரிச்செல்விக்குப் போன் செய்து, வீட்டில் துவைத்துத் துவைத்து இற்றுப்போன பருத்திச் சேலை இருந்தால் கொண்டுவரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் சீசன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு வந்தார். மடித்து, கைக்குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்து, ஒரு வெளுத்த சேலையைக் கொண்டுவந்திருந்தார். தொட்டால் பஞ்சு. இம்மானுவேல் சார் சர்ச் முடித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு நேராக வந்துவிட்டார்.

முதலில் விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சிவப்பு மையைத் தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடிப்போம். விரிசலுக்குள் போன மை மட்டும் பொடியில் ஊறி மேலே வரும். கண்ணுக்கு நகக்கண் அளவு தெரிந்த விரிசல், மையில் அதைப் போல் இரண்டு மடங்காக, குழாயைச் சுற்றி வளைந்து ஓடியது. மாரிச்செல்வி முகம் செத்துவிட்டது.

“பயப்படாதீக,” என்றார் சார். “இதுதான் இந்த உலோகத்துல நல்ல குணம். கார்பன் ஒடஞ்சா ஒரே அடி. இது ஒடையிறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே கோடு போட்டுக் காட்டும், கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடும். சொல்லாமக் கொல்லாமக் கைவிடாது.”

விரிசல் முடிகிற நுனியில் ஊசித் துளை போட்டேன், அது மேலே ஓடாமல் நிற்பதற்கு. பிறகு விரிசலை மெதுவாகச் சுரண்டி எடுத்தோம். உதிர்ந்த தூளைத் தண்ணீர்த் தட்டில் பிடித்தோம். எங்கள் ஊரில் டைட்டானியத் தூளைக் காற்றில் பறக்க விடுகிற அளவுக்கு யாருக்கும் தைரியம் கிடையாது. குழாயின் வாய்களை டேப் போட்டு அடைத்து, ஒரு பக்கம் ஆர்கானைச் செலுத்தி, மறுபக்கம் ஊசி முனைத் துளையில் வெளியேற விட்டோம். சேலையைக் கிழித்து, அசிட்டோனில் நனைத்து, நான்கு முறை துடைத்தேன். துணி சுத்தமாகவே இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு டார்ச்சை எடுத்தேன்.

முதல் துளி உருகும்போதே மனசுக்குள் ஏதோ உதைத்தது. உருகிய உலோகக் குட்டை தெளிவாக இல்லை, மேலே ஏதோ மிதந்தது. முடித்து, ஆறவிட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். நீலம்கூட இல்லை. சாம்பல், நடுவில் வெள்ளைப் பூப்பு.

பாண்டியம்மாள், “முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?” என்று ஆவலாகக் கேட்டார். அதற்குள் இம்மானுவேல் சார் வந்து குனிந்து பார்த்தார். சட்டைப் பைக்குக் கை போனது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் மனுஷர் சாக்பீஸ் வைத்திருந்தார். வட்டம் விழுந்தது. வட்டம் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

சார் அன்று டீ குடிக்கப் போகவில்லை. சிலிண்டர் இணைப்பைச் சோதித்தார். வாயுக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஒரு வெட்டுத் துண்டில், சேலைத் துணி படாமல், சும்மா ஒட்டச் சொன்னார். எவர்சில்வர் மாதிரி வந்தது. அப்படியானால் வாயுவில் குற்றம் இல்லை. சார் சேலைத் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் விரித்துப் பிடித்தார். நானும் பின்னால் போனேன். நூலுக்கும் நூலுக்கும் நடுவே மினுக் மினுக்கென்று ஏதோ ஒளிர்ந்தது.

“அம்மா, இது எப்பக் கட்டுற சேலை?” என்று கேட்டார்.

“கம்பெனிக்குக் கட்டிட்டுப் போற சேலைதான் சார். வீட்டுல அதான் ரொம்ப மெதுவா இருந்துச்சு. ஊறப்போட்டு மூணு தண்ணி அலசினேனே. அழுக்கே இல்லையே?”

அழுக்கு இல்லைதான். அலுமினியத் தூளும் கந்தகமும் வருடக்கணக்காக நெய்து ஏறிய சேலை. எந்தத் தண்ணீரிலும் அது போகாது. மற்ற ஊரில் இந்தத் தவறு நடந்திருக்கவே நடந்திருக்காது. சார் சொல்லத் தயங்கினார். ஆனால் பட்டாசுத் தொழிலாளிக்கு அந்த மினுமினுப்பைச் சொல்லித் தெரிய வேண்டுமா? பாண்டியம்மாள் துணியைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரேகையெல்லாம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

“என் புள்ள பொழப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டனே சார்!” என்று கதறிவிட்டார்.

“துணி கேட்டது நாங்க. வீட்டுல இருக்கிறதுலயே நல்லதைத்தான் நீங்க கொண்டாந்தீக,” என்றார் சார். அவருக்கு அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது. மாரிச்செல்வி அம்மாவின் தோளைப் பிடிக்கப் போனாள். அவர் கையை உதறிவிட்டு வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

கெட்ட வெல்டைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல உலோகத்தையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது விரிசல் இல்லை, ஓட்டை இருந்தது. அதற்கு ஒட்டுத் துண்டு வேண்டும். சைக்கிளுக்குப் போடுகிற டைட்டானியம் எங்கள் தொட்டிகளுக்குப் போடுகிற சுத்த ரகம் அல்ல. அலுமினியமும் வனேடியமும் கொஞ்சம் கலந்த, இன்னும் உரமான ரகம். வேறொரு ஆர்டரில் மிஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றும் ஒட்டும்போது உருக்கிச் சேர்க்கிற நான்கைந்து கம்பிகளும் சாரிடம் பத்திரமாக இருந்தன. மனுஷர் எதையும் தூக்கிப் போட மாட்டார்.

“துணிக்கு என்ன சார் செய்ய?” என்றேன்.

சார் உள் அறைக்குப் போய் அழுக்குப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, வேட்டியைக் கையில் எடுத்து வந்தார். பல ஞாயிறுகளுக்கு வெளுத்து வெளுத்துப் பூவாய்ப் போன வேட்டி. என் கையில் கொடுத்து, “கரையை விட்டுருங்க. அதுல சாயம் இருக்கு,” என்றார். நான் தயங்குவதைப் பார்த்து, தானே வாங்கி நடுவில் கிழித்தார்.

அந்த வெல்டு வெள்ளி மாதிரி வந்தது. சார் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் டீக்குச் சொல்லிவிட்டார். என் சர்வீஸில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெல்டு போட்டிருக்கிறேன். எனக்குப் பெருமை அந்த ஒன்றில்தான்.

ஆனால், “கல்லு மாதிரி ஆயிருச்சு, கவலையை விடுங்க,” என்று அவர் சொல்லவில்லை. “புதுசுல இருந்த மாதிரின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஓட்டுங்க. ஞாயித்துக்கிழமை தோறும் கொண்டாங்க. மை போட்டுப் பாப்போம். கோடு தெரிஞ்சா ஓடக் கூடாது. தெரியலைன்னா ஓடலாம்,” என்றார். மாரிச்செல்வி ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முழு வண்டியாக ஓட்டிக்கொண்டே வந்தாள். கோடு இல்லை. ஆசைக்கு நானும் பட்டறை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். தலையைக் குனிந்து ஓட்டுகிற வண்டி எனக்குப் புதுசு. லாரிகள் ஏறி இறங்கிக் குண்டும் குழியுமாகக் கிடக்கிற முற்றம் அது. பள்ளத்தில் சக்கரம் விழுவது காதுக்குக் கேட்டது, முதுகுக்கு வரவில்லை. குழாய் எங்கேயோ இம்மியளவு வளைந்து கொடுத்து, திரும்ப எழுந்தது. மிதித்த மிதி மட்டும் வீணாகாமல் முன்னால் தள்ளியது. அலுமினியச் சட்டம் முறைப்பாக நிற்கும், இரும்பு இந்த அளவு இலேசாக இருக்காது. இது இரண்டுக்கும் நடுவே தனக்கென்று ஒரு நடை வைத்திருக்கிறது. “இறங்குங்க மாமா, நான் வீட்டுக்குப் போகணும்,” என்று மாரிச்செல்வி சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

மூன்றாம் ஞாயிறும் தனியாகத்தான் வந்தாள். “அம்மா வரலையா?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா சரியில்ல மாமா. வண்டி நிக்கிற பக்கமே வர்றதில்ல. என்னையவும் தொடுறதில்ல. தெனமும் தலை பின்னி விடுவாக. இப்ப, நீயே பின்னிக்கோ, எங்கை வெளங்காத கைங்காக. ஓடுற அன்னைக்கு நான் முன்னாடி வர மாட்டேன்னு வேற சொல்லிட்டாக. அவுக மூஞ்சியப் பாக்காம நான் எப்படி மாமா ஓட?”

இம்மானுவேல் சார் சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, “அடுத்த வாட்டி கடைசி டெஸ்ட். வண்டியைப் பிடிக்க ஆள் வேணும். கம்பெனி விட்டதும் அம்மாவை நேரா இங்கன வரச் சொல்லுங்க,” என்றார்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம் வேலை முடிந்து பாண்டியம்மாள் வந்தார். சோப்புப் போட்டுக் கழுவியும் கைகள் சாம்பலாகத்தான் மினுங்கின. முந்தானைக்குள் அவற்றை ஒளித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

“வாங்கம்மா. அந்தக் குழாயை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க,” என்றார் சார்.

“வேண்டாம் சார். எங்கையைப் பாருங்க.”

“பாத்தேன். அப்படியே பிடிங்க.”

“மறுபடி கெட்டுப் போச்சுன்னா?”

சார் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அம்மா, சூடா இருக்கிறப்பதான் இதுக்கு எதுவும் ஒத்துக்காது. விரல் பட்டாக் கெட்டுப் போகும், தூசி பட்டாக் கெட்டுப் போகும். அது கொஞ்ச நேரம்தான். ஆறிருச்சுன்னா அப்புறம் உப்பு, அமிலம், வேர்வை, மழை, உங்க மருந்து, எதுவும் ஒண்ணும் செய்ய முடியாது. கடல்லயே போட்டு வச்சாலும் அப்படியே இருக்கும். உங்க கை அதைக் கெடுக்காது. வந்து பிடிங்க.”

பாண்டியம்மாள் மகளைப் பார்த்தார். மாரிச்செல்வி தலையை ஆட்டினாள். அந்த அம்மா மெல்ல வந்து, அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் தொடுகிறவரைப் போல முதலில் விரல் நுனியை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சார் மை தடவி, துடைத்து, பொடி அடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. கோடு வரவில்லை. சார் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அந்த அம்மா கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றார்.

ஓட்ட நாள் வந்தது. சீசன் நேரம், ஆர்டர் கழுத்தை நெரித்தது. திருச்சிக்குப் போக பாண்டியம்மாளுக்கு லீவு கிடைக்கவில்லை. விடியற்காலையில் மகளுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். மத்தியானம் மாரிச்செல்வி சாருக்குப் போன் செய்தாள். சார் என்னைக் கூப்பிட்டு, “கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. நீங்க நேர்ல போயிச் சொல்லிட்டு வாங்க,” என்றார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாத்தூர் பக்கம் போனேன்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு வெளியாள் எப்போது தேடி வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தின் நடுவில் இருந்து பாண்டியம்மாள் என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்து உருண்டது.

“அண்ணாச்சி… எம்புள்ள?”

“ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கா! மூணாவதா வந்துட்டா. வேலைக்கு எடுத்துக்கிட்டாக!”

அவருக்கு அது காதில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்தான், “ஏ மதினி, ஒம் மக செயிச்சிட்டாளாம்!” என்று உலுக்கினாள். பாண்டியம்மாள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். என் கையெல்லாம், அவர் கன்னமெல்லாம் மினுமினுப்பு. சுற்றி நின்ற பெண்களில் பாதிப்பேர் அழுதார்கள். பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை, வெட்கப்படாமல் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“சின்ன வயசுல இருந்து இந்தக் கேட்டுக்குள்ள வந்து போறேன் அண்ணாச்சி,” என்றார். “வெளியில இருந்து ஆளு வந்து நல்ல சேதி சொன்னது இன்னைக்குத்தான்.”